மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால், அது எந்த மூட்டு வலி?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அம்மாவுக்கு 58 வயது, இரண்டு வருஷமாக முழங்கால் வலி, மூன்று மாதமாகக் கை விரல்களும் வீங்குகின்றன. கிழி (துணியில் முடிந்து சூடாக ஒத்துவது), வஸ்தி, தைலம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், இதில் எதைச் செய்வது, வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

இதில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'கை விரல்களும்' என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெறும் முழங்கால் என்றால் இந்தப் பதில் பாதி நீளத்தில் முடிந்திருக்கும். இருபது வருஷமாக ஆயுர்வேத வைத்தியம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்பது 'எந்த எண்ணெய் நல்லது' என்றுதான். என் வலி எந்த வகை என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆயுர்வேதத்தில் மூட்டு வலிக்கு ஒரே சிகிச்சை என்று எதுவும் கிடையாது. ஒரு வகைக்கு மருந்தாக இருக்கும் எண்ணெய் இன்னொரு வகையில் வீக்கத்தைக் கூட்டிவிடும்.

மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சந்திவாதம், ஆமவாதம், வாதரக்தம். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை முதலாவதைச் சொல்லும்போது, காற்று நிரப்பிய தோல் பையைத் தொடுவது போல மூட்டு இருக்கும், நீட்டி மடக்கினால் வலிக்கும் என்கிறது. இன்றைக்கு மூட்டுத் தேய்மானம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆமவாதத்தைத் தனி நோயாகப் பிரித்து விரிவாக எழுதியது மாதவ நிதானம் என்ற நூல். தேள் கொட்டினாற்போல வலி, ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும், உடம்பு கனக்கும், வாயில் ருசி இருக்காது, காய்ச்சலும் சேரும். முடக்குவாதம் என்று இப்போது சொல்லும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு இது நன்றாகவே பொருந்தும். வாதரக்தம் பெரும்பாலும் காலில் ஆரம்பித்து எலிக்கடி விஷம் போல மேலே பரவும் என்று பழைய உவமை ஒன்று உண்டு. யூரிக் அமிலம் கூடி வருகிற கௌட் அதில் ஒரு பகுதி. முழுவதும் அதுவே என்று சொல்லிவிட முடியாது.

இவற்றைப் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒன்று செய்யலாம். காலையில் எழுந்ததும் அம்மாவைக் கையை இறுக்கி மூடச் சொல்லுங்கள். விரல் நுனி உள்ளங்கையைத் தொடுகிறதா, கை இளக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானத்தில் கொஞ்ச நேரம் நடமாடினால், பெரும்பாலும் அரை மணிக்குள், இறுக்கம் விட்டுவிடும். சாயங்காலம் வேலை முடிந்த பிறகு வலி கூடும். ஆமவாதத்தில் காலை இறுக்கம் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நிற்கும், வேலை செய்யச் செய்யக் குறையும். மோதிரம் காலையில் கழற்ற வராமல் மத்தியானம் கழன்றால் அதுவும் ஒரு துப்பு. விரலில் எந்தக் கணு வீங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவில் எலும்பு போலக் கெட்டியாகப் புடைத்திருந்தால் அது தேய்மானத்தின் வழக்கம். உள்ளங்கையை ஒட்டிய கணுக்களும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி மெத்தென்று வீங்கியிருந்தால் எண்ணெய்க் குப்பியை எடுக்காதீர்கள், முதலில் ரத்தப் பரிசோதனை.

இப்படி அடித்துச் சொல்வதற்குக் காரணம், ஆரம்ப காலத்தில் நானே செய்த ஒரு தவறு. முழங்கால் வீங்கி ஒரு அம்மாள் வந்தார். தேய்மானம் என்று நினைத்து, தைலம் தேய்த்து இலைக்கிழி கொடுத்தேன். முழங்காலைத் தொட்டபோது சூடாக இருந்ததைக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவர் நடந்து வரவில்லை, இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். முழங்கால் முந்தின நாளைப் போல ஒன்றரை மடங்கு. ஆமம் இருக்கிற மூட்டில் எண்ணெயை ஏற்றாதே என்று முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. படித்திருந்தேன், கைக்கு வரவில்லை.

ஆமம் என்றால், சரியாகச் செரிக்காமல் அரைகுறையாக நின்றுபோன சாரம் என்று சாஸ்திரம் சொல்லும். அதை அப்படியே உடற்கூறில் தேடினால் கிடைக்காது. சூடும் வீக்கமும் இறுக்கமும் இருக்கிற நிலையைக் குறிக்கும் ஒரு வேலைச் சொல்லாக எடுத்துக்கொண்டால் சிகிச்சை வரிசை புரியும். சக்ரதத்தம் என்ற சிகிச்சை நூல் ஆமவாதத்துக்குச் சொல்லும் வரிசை இது: முதலில் லங்கனம், அதாவது உணவைக் குறைத்து லேசாக்குவது. பிறகு வறட்சியான ஒத்தடம், கசப்பும் காரமுமான பசி தூண்டும் மருந்துகள், பேதி. எண்ணெய் சம்பந்தப்பட்டது எல்லாம் அதற்கப்புறம்தான். தயிர், உளுந்து, மீன், வெல்லம் போன்றவற்றை விலக்கச் சொல்வதும் இந்த நிலையில்தான், எல்லா மூட்டு வலிக்கும் அல்ல. முழங்கால் தேய்ந்த ஒருவர் தயிரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

வறட்சியான ஒத்தடம் என்பது மணல் கிழி. நல்ல மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து ஒத்துவது. எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஒத்துகிறவர் முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளி மேல் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். மூட்டு ரொம்பச் சிவந்து கொதித்தால் மணல் கிழியும் கூடாது.

ஆமணக்கெண்ணெய் அந்த வரிசையில் பேதி என்ற இடத்தில்தான் வருகிறது. உடம்பு என்னும் காட்டில் திரியும் ஆமவாதம் என்னும் யானையைக் கொல்ல ஆமணக்கெண்ணெய் என்ற ஒரே சிங்கம் போதும் என்று ஒரு சுலோகம் உண்டு. அழகான உவமைதான், ஆனால் அதைப் படித்துவிட்டு தினமும் குடிக்க ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுக்குக் கஷாயத்தோடு அளவாக, சில நாள், வைத்தியர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வயதானவர்களுக்குப் பேதி கூடினால் உப்புச் சத்து இறங்கி மயக்கம் வரும்.

சரி, சந்திவாதத்துக்கு வருவோம். ஆயுர்வேதம் கையில் நிறைய வைத்திருப்பது இங்கேதான். வெதுவெதுப்பான தைலம் தேய்த்தல், இலைக்கிழி, ஞவரைக்கிழி, பிழிச்சில் (வெதுவெதுப்பான எண்ணெயைத் துணியால் உடம்பில் பிழிந்து விடுவது), ஜானு வஸ்தி என்று பட்டியல் நீளம். நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளை நறுக்கி, எண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து, சூடு ஆற ஆற மாற்றி மாற்றி ஒத்துவது இலைக்கிழி. ஞவரைக்கிழி கொஞ்சம் வேறு. ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டி வேர்க் கஷாயத்திலும் வேகவைத்து முடிந்து தேய்ப்பது, முழங்காலுக்கு மேலே தொடைச் சதை இளைத்துப் போனவர்களுக்கு. வீக்கம் இருக்கும்போது ஞவரை கொடுத்தால் வீக்கம் கனக்கும், அதனால் இதற்கும் நேரம் பார்க்க வேண்டும்.

ஜானு வஸ்தியை ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் மாயம் ஒன்றுமில்லை என்று தெரியும். உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து முழங்கால் சிப்பியைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு வளையம் கட்டுவார்கள். விளிம்பைத் தண்ணீர் தொட்ட விரலால் தோலோடு அழுத்தி அடைப்பார்கள், இல்லையென்றால் எண்ணெய் கசிந்து கெண்டைக்காலில் வழியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கிய தைலத்தை அந்த வளையத்துக்குள் ஊற்றி, ஆறியதும் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து எடுத்து மறுபடி சூடாக்கி ஊற்றுவார்கள். முப்பது நாற்பது நிமிஷம். எடுத்த பிறகு முழங்கால் லேசாகிவிட்டது என்று எல்லோருமே சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் எண்ணெய் குருத்தெலும்புக்குள் இறங்கித் தேய்ந்ததை நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேய்ந்த குருத்தெலும்பை இந்தச் சிகிச்சை திரும்ப வளர்த்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சூடு, நிதானமான தொடுதல், சுற்றியிருக்கும் சதையின் பிடிப்பு விடுவது, இவைதான் பெரும் பங்கு என்பது என் அபிப்பிராயம். அந்த லேசான நேரம் வீணாகாமல் தொடையின் முன்பக்கச் சதைக்கு உடற்பயிற்சி செய்தால் பலன் நிற்கும். செய்யாமல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் பழைய வலிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்குவது, காலுக்குப் பத்து முறை. இதைச் செய்யாதவர்களுக்கு நான் இரண்டாம் முறை ஜானு வஸ்தி போடுவதில்லை, கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை. எடையும் அப்படித்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. எந்தத் தைலமும் இதற்கு ஈடில்லை.

எந்தத் தைலம் என்று கேட்பீர்கள். தேய்மான வலிக்கு தான்வந்தரம், மகாநாராயணம். வீக்கமும் பிடிப்பும் கலந்திருந்தால் கொட்டஞ்சுக்காதி. அடிபட்டதோ சுளுக்கோ என்றால் முறிவெண்ணெய். எரிச்சலும் சிவப்பும் உள்ள வாதரக்தத்துக்குப் பிண்ட தைலம். பெயரைவிடப் பாகம், அதாவது காய்ச்சிய பதம், முக்கியம். எண்ணெய் காய்ச்சும்போது கூடவே கொதிக்கும் கல்கத்தை, அதாவது அரைத்த மூலிகை விழுதை, எடுத்து விரலில் உருட்டினால் திரி போல வர வேண்டும், அதை நெருப்பில் காட்டினால் படபடவென்று வெடிக்கக் கூடாது, வெடித்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மூக்கில் விட மிருது (இளம்) பாகம், குடிக்கவும் வஸ்திக்கும் மத்திம (நடுத்தர) பாகம், மேலே தேய்க்கக் கர (முற்றிய) பாகம் என்று சரகர் பிரித்திருக்கிறார். தேய்க்கிற எண்ணெய் என்று எழுதியிருக்கும் குப்பியிலிருந்து உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இதிலிருந்தே புரியும்.

வஸ்தி என்ற சொல் குழப்பும். ஜானு வஸ்தி முழங்கால் மேல் எண்ணெயை நிறுத்துவது. வெறும் வஸ்தி என்றால் ஆசனவாய் வழியாக மருந்து செலுத்துவது. வாதத்துக்கு அதுதான் தலையாய சிகிச்சை, பாதிச் சிகிச்சையே அதுதான் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். கஷாய வஸ்தியும் எண்ணெய் வஸ்தியும் மாற்றி மாற்றி எட்டு, பதினைந்து, முப்பது என்று கணக்காகக் கொடுப்பது முறை. நல்ல கையில் நன்றாக வேலை செய்கிறது. மூலத்தில் ரத்தம் போகிறவர்கள், குடல் புண் உள்ளவர்கள், ரொம்பப் பலவீனமானவர்கள் இதற்கு ஆகாது. உங்களைச் சோதிக்காமலேயே இத்தனை நாள், இத்தனை வஸ்தி என்று ஒரே பொதியாகச் சொல்லிவிடும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள்.

வாதரக்தம் பற்றி இரண்டு வார்த்தை. கால் பெருவிரல் ராத்திரியில் திடீரென்று சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி என்றால் ஒத்தடமும் வேண்டாம், அழுத்தித் தேய்த்தலும் வேண்டாம். சீந்தில், நீர்முள்ளி சேர்ந்த கஷாயங்கள், கைசோர குக்குலு (குக்குலு என்பது ஒரு மரப்பிசின்) என்று போகும் வழி அது. அட்டைப்பூச்சி விட்டு ரத்தம் எடுப்பதையும் சாஸ்திரம் இங்கே சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால் அட்டை பற்றிப் பேசப்படும் நவீன ஆய்வு ஒன்று தேய்மானத்தில்தான் நடந்தது. ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் 51 முழங்கால் நோயாளிகளிடம் செய்தது, 2003-இல் வெளியானது, ஒரு வாரத்தில் வலி கணிசமாகக் குறைந்ததாகச் சொன்னது. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது.

உள் மருந்துகளில் ராஸ்னாதி, மகாராஸ்னாதி கஷாயங்கள் எல்லோரும் கேள்விப்பட்டவை. ஒரு சின்னச் செய்தி: ராஸ்னா எது என்பதிலேயே வைத்தியர்களுக்குள் வழக்கு உண்டு. தெற்கில் அரத்தைக் கிழங்கைப் போடுகிறோம், வடக்கில் வேறு ஒரு செடியின் இலையை. ஒரே பெயர், இரண்டு கஷாயம். யோகராஜ குக்குலு சந்திவாதத்துக்கு, சிம்மநாத குக்குலு ஆமவாதத்துக்கு என்பது பொது வழக்கு. சல்லகி என்ற மரப்பிசினுக்கும் மஞ்சளின் குர்க்குமினுக்கும் தேய்மான வலியில் சுமாரான பலன் இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுமாரான என்பதை அழுத்திப் படியுங்கள்.

முழுச் சிகிச்சையையும் சோதித்த ஆய்வுகளும் உண்டு. பெர்லினில் 151 முழங்கால் நோயாளிகளை வைத்து 12 வாரம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயுர்வேதச் சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் தனக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அந்த எதிர்பார்ப்பும் கணக்கில் சேர்ந்திருக்கும். இந்தியாவில் 440 பேரிடம் 24 வாரம் நடந்து 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆயுர்வேத மருந்து, செலகாக்சிப் என்ற வலி மாத்திரைக்கும் மூட்டுக்குக் கொடுக்கும் குளுக்கோசமினுக்கும் சமமாக வலியைக் குறைத்தது, கூடவே சிலருக்குக் கல்லீரல் நொதி ஏறியது. இந்த இரண்டாவது பாதியை விளம்பரங்களில் பார்க்க மாட்டீர்கள். முடக்குவாதத்தில் 2011-இல் வெளியான கோயம்புத்தூர் ஆய்வில் ஆயுர்வேத மருந்து, முடக்குவாதத்தை அடக்க வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்த்து என்று மூன்று குழுக்கள், 36 வாரம், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மொத்தமே 43 பேர். அதை வைத்து மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்கிறவர் ஆய்வைப் படிக்காதவர்.

மாத்திரையை நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். தேய்மானம் மட்டும் என்றால், வலி குறையக் குறைய வலி மாத்திரையைக் குறைக்கலாம், அதுவும் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டு. முடக்குவாதம் என்றால் நோயை அடக்கும் மாத்திரையை ஒரு வாரம்கூட உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். அந்த நோயில் முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே எலும்பு அரிக்க ஆரம்பித்துவிடும், அரித்தது திரும்ப வராது. நானே அப்படிப்பட்டவர்களை முதலில் மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பிவிட்டு, கூட என்ன செய்யலாம் என்றுதான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெயர், உரிமம் எண் எதுவுமில்லாத பொட்டலத்தில் பழுப்புப் பொடி கொடுத்து, மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. ஸ்டீராய்டு கலந்த பொடி அப்படித்தான் வேலை செய்யும். முகம் உருண்டையாகி, சர்க்கரை ஏறி, பொடியை நிறுத்தினதும் படுத்த படுக்கையாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பற்பம், செந்தூரம் (உலோகம், தாதுக்களைப் புடமிட்ட பொடிகள்) கலந்தவற்றில் ஈயமும் பாதரசமும் பற்றிய கவலையும் வீண் கவலை அல்ல. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. சீந்தில்கூட நிரபராதி இல்லை, கொரோனா காலத்தில் அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்கள் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள்.

உங்கள் அம்மாவுக்கு நான் செய்யச் சொல்வது: இந்த வாரமே அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்துக்கான ருமடாய்டு ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., யூரிக் அமிலம், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள், கை, முழங்கால் எக்ஸ்ரே. அதுவரை எண்ணெயும் வேண்டாம், கிழியும் வேண்டாம். இடையில் ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று கொதித்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். முடிவுகளில் அழற்சி எதுவும் இல்லை, தேய்மானம்தான் என்று வந்தால் ஜானு வஸ்தி ஏழு நாள், தினமும் தொடைப் பயிற்சி, உள்ளுக்கு ஒரு கஷாயம், இவ்வளவு போதும். வேறு மாதிரி வந்தால் மேலே சொன்ன வழி. வைத்தியரைப் பார்க்கப் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், ரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குக்குலு சில ரத்த அழுத்த மாத்திரைகள் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இதைக் கேட்காமலேயே குக்குலு எழுதுகிற வைத்தியராக இருந்தால் நீங்களே பையைத் திறந்து காட்டிவிடுங்கள்.